மீளாக்கத் தடுப்பும் சாரதியின் சாட்சியமும்: ஒரு வரலாற்று நோக்கு

பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடித்தவரின் பெயரோடு தொடங்கி, உற்பத்தி செய்த நிறுவனத்தின் பெயரோடு முடித்துவிடுவதே பெருவழக்கு. அப்பொறியை நாள்தோறும் கையாண்டவரின் கையும் காலும் கண்டறிந்தவை அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. மின்வாகனங்களிலுள்ள மீளாக்கத் தடுப்பின் கதையை நோக்குமிடத்து இக்குறை தெளிவாகப் புலப்படும்.

சாதாரண தடுப்பு, அதாவது நாம் பிறேக் என வழங்குவது, வண்டியின் இயக்கச் சத்தியை உராய்வினால் வெப்பமாக்கி வீணே போக்கிவிடுகின்றது. மீளாக்கத் தடுப்பிலோ வண்டியை ஓட்டிய மோட்டரே மின்பிறப்பாக்கியாக மாறுகின்றது. சில்லு மோட்டரைச் சுழற்ற, பிறக்கும் மின் மின்கலவடுக்கைச் சென்றடைய, வண்டியின் வேகம் தணிகின்றது. மிகச் சிக்கனமான ஏற்பாடுதான். ஆயினும் இதனுள் ஒரு நிபந்தனை மறைந்து கிடக்கின்றது. பிறக்கும் மின்னை ஏற்பதற்கு ஓரிடம் வேண்டும். ஏற்பார் இல்லையேல் இத்தடுப்பும் இல்லை. உராய்வுத் தடுப்புக்கு இத்தகைய தேவை எதுவுமில்லை.

இது புதுமையான கண்டுபிடிப்பு என எண்ணுவோர் பலர். 1890களிலேயே பாரிஸ் நகரில் லூயி அந்துவான் கிறீயெஜே என்பவர், குதிரை வண்டிகளை முன்சில்லு மோட்டர்களால் இயங்கும் மின்வண்டிகளாக மாற்றி, அவற்றில் இம்முறையைப் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் ஜோன் றாவத் என்பாரின் காப்புரிமைகளின் வழியே, 1903 இல் டெவன்போட்டிலும், பின்னர் றோட்டன்ஸ்டோல், பேர்மிங்காம் முதலிய இடங்களிலும் ட்ராம் வண்டிகளில் இது புகுத்தப்பட்டது. அங்கு மின்னை ஏற்கும் இடம் மேற்கம்பியே. கம்பியிலுள்ள வேறு வண்டிகள் அம்மின்னை ஏற்காதவிடத்தும், தொடுகோல் கம்பியை விட்டு விலகியவிடத்தும் தடுப்பின் இயல்பு மாறிவிடும். கைப்பிடியைத் திருப்பும் சாரதிக்கு அதனை முன்கூட்டி அறிய வழியில்லை. அதனாலேயே வேறு தடுப்புகளும் அவ்வண்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. றோட்டன்ஸ்டோலில் நிகழ்ந்த பாரதூரமான விபத்தொன்றையடுத்து 1911 இல் இம்முறைக்குத் தடை விதிக்கப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அது மீண்டும் வழக்கிற்கு வந்தது.

நூறாண்டின் பின் இதே வினா காருக்குள் எழுந்தது. 2009 இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறை டொயோட்டா பிரியஸ், பெற்றோலும் மின்னும் இணைந்தியங்கும் வாகனம். தடுப்பு மிதியை மெல்ல அழுத்தும்போது அதில் மீளாக்கத் தடுப்பும் நீரியல் உராய்வுத் தடுப்பும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. பங்கீட்டைக் கணினி தீர்மானிக்கின்றது. குழி விழுந்த அல்லது வழுக்கும் வீதியில் சில்லு சறுக்கியவுடன், அது பூட்டிக்கொள்ளாது காக்கும் ஏ.பீ.எஸ். அமைப்பு தலையிடும். மோட்டர் விலக, உராய்வுத் தடுப்பு முழுப்பொறுப்பையும் ஏற்கும். இக்கைமாற்றத்தின்போது கணநேரம் அமர்முடுகல் குறைந்ததாகச் சாரதிகள் உணர்ந்தனர். கால் அழுத்தியபடியே இருக்க, வண்டி முன்னே பாய்வதுபோலத் தோன்றிற்று. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் 10 மீற்றரைக் கடந்துவிடும் என்பதை நினைவிற் கொண்டால், கணநேரம் என்பது அத்துணைச் சிறியதன்று.

2010 பெப்ரவரி முற்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிருவாகத்திடம் 124 முறைப்பாடுகள் சேர்ந்திருந்தன. அவற்றுள் நான்கு, விபத்து நேர்ந்ததாகக் கூறின. நிறுவனத்தின் சார்பில் முதலில் அளிக்கப்பட்ட விளக்கம் ஊன்றி நோக்கற்பாலது. இது சாரதியின் உணர்வைப் பற்றிய விடயம், மிதியை மேலும் அழுத்தினால் வண்டி நிற்கும் என்பதே அதன் சாரம். பொறியியல் நோக்கில் அது பொய்யன்று. ஆனால் அதே நிறுவனம் ஜனவரி முதல் தயாரித்த வண்டிகளில் உரிய மென்பொருளை ஏற்கெனவே மாற்றியிருந்தது! வெறும் உணர்வெனின் மாற்றுவானேன்? பெப்ரவரி 9 ஆந் திகதி உலகெங்குமுள்ள ஏறத்தாழ 437,000 வாகனங்களைத் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்துவதாக அறிவிக்கப்பட்டது.

இங்கு வரலாற்று மாணவர் ஓர் எச்சரிக்கையையும் மறத்தலாகாது. அவ்வேளை ஆர்முடுக்கி மிதி பற்றிய வேறொரு சர்ச்சையில் அந்நிறுவனம் சிக்கியிருந்தது. பத்திரிகைகள் எங்கும் அதே பேச்சு. அச்சம் முறைப்பாடுகளின் தொகையைப் பெருக்கியிருத்தல் கூடும். ஒவ்வொரு முறைப்பாடும் நிறுவப்பட்ட உண்மையுமன்று. எனினும் வெவ்வேறிடங்களில் வாழும் ஒருவரையொருவர் அறியாத சாரதிகள், ஒரே வகை வீதியில், ஒரே வகை அழுத்தத்தில், ஒரே மாற்றத்தைச் சொல்லும்போது அதனை உணர்வென ஒதுக்குதல் சான்றொன்றை ஒதுக்குதலேயாகும்.

யப்பானில் ஓடிய பிரியஸ் வண்டிகள் பழைய வாகனங்களாகப் பெருந்தொகையில் நம் நாட்டுக்கும் வந்தமையால் இவ்விடயம் நமக்கு அந்நியமானதன்று. நம் மலைநாட்டு வீதிகளோ இன்னொரு பாடத்தைக் கற்பிக்கவல்லவை. நுவரெலியாவில் மின்கலவடுக்கை முற்றாக நிரப்பிக்கொண்டு றம்பொடை வழியே இறங்கும் மின்காரை எண்ணிப் பாருங்கள். நிரம்பிய மின்கலவடுக்கு மேலும் மின்னை ஏற்காது. ஆகவே பல மின்கார்களில் மீளாக்கத் தடுப்பு அவ்வேளை வெகுவாகக் குறைந்துவிடும். உராய்வுத் தடுப்பு அங்கும் உண்டு. ஆனால் ஆர்முடுக்கியிலிருந்து காலை எடுத்தாலே வேகம் தணியும் எனப் பழகிய கால், இறக்கத்தின் தொடக்கத்திலேயே ஏமாறும். ட்ராம் சாரதிக்குக் கம்பி செய்ததை இங்கு மின்கலவடுக்கு செய்கின்றது.

பழகிய கால் என்ற இக்காரணம் அண்மையில் அரச ஆவணமொன்றிலும் இடம்பெற்றது. 2023 மே மாதத்தில் சீனாவின் சந்தை ஒழுங்குமுறை நிருவாகம், 11 இலட்சத்துக்கு மேற்பட்ட டெஸ்லா கார்கள் திரும்ப அழைக்கப்படுவதாக அறிவித்தது. மீளாக்கத் தடுப்பின் வலிமையைச் சாரதி தெரிவு செய்ய வழியில்லை என்பதும், ஆர்முடுக்கியை நெடுநேரம் ஆழ அழுத்தும்போது போதிய எச்சரிக்கை தரப்படவில்லை என்பதும் குறைகளாகச் சுட்டப்பட்டன. இவை இரண்டும் சேர்ந்து, சாரதி மிதி மாறி அழுத்தும் வாய்ப்பைக் கூட்டலாம் என அந்நிருவாகம் கருதியது. பரிகாரம் இம்முறையும் மென்பொருளே. தெரிவுக்கு வழி அமைக்கப்பட்டது, எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. மோட்டரிலோ தடுப்பிலோ ஒரு பாகமேனும் மாற்றப்படவில்லை.