பேருந்து, இரயில் பயணத்தில் ஏற்படும் பதற்றம்: வேலைக்குச் செல்வோருக்கும் குடும்பத்தினருக்குமான விளக்கம்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் கூரம் போன்ற சிற்றூர்களிலிருந்து பலர் விடியற்காலையில் புறப்பட்டு, ஊர்ப் பேருந்தில் காஞ்சிபுரம் சென்று, அங்கிருந்து வேறு பேருந்திலோ புறநகர் இரயிலிலோ சென்னைக்கு வேலைக்குச் செல்கின்றனர். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். நெரிசலான வேளையில் நின்றுகொண்டே செல்லும் இந்தப் பயணம் எவருக்கும் களைப்பைத் தரும். ஆயினும் சிலருக்கு அது களைப்போடு நிற்பதில்லை. வண்டியில் ஏறியதும் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உடனே இறங்கிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. பாதி வழியில் இறங்கி வீடு திரும்புகின்றனர். ஒரு நாள் ஊதியம் போகிறது. பின்னர் வாரத்தில் இரு நாள் விடுப்பு, அதன்பின் வேலையே வேண்டாம் என்ற முடிவு.

இந்நிலை உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இருந்தால், இது சோம்பலோ கோழைத்தனமோ அன்று என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். இது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட நிலை. உரிய சிகிச்சையும் பயிற்சியும் பெற்றால் பெரும்பாலோர் மீண்டும் பயணம் செய்ய இயலும்.

உடலில் நிகழ்வது என்ன?

ஆபத்து நேரும்போது ஓடவோ எதிர்த்து நிற்கவோ நம் உடல் தன்னைத் தானே ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பும் மூச்சும் விரைவாகின்றன, வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. உண்மையான ஆபத்து இல்லாத இடத்திலும் இந்த ஏற்பாடு திடீரென இயங்கத் தொடங்குவதையே பீதித் தாக்கம் என்கிறோம். பேச்சு வழக்கில் இதனைப் 'பேனிக் அட்டாக்' என்பர்.

தாக்கத்தின்போது மூச்சை மிக விரைவாக வாங்கி விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது. விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போதல், தலைச்சுற்றல் ஆகியவை இதனால் வருபவை. பீதித் தாக்கம் பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தானாகவே தணிந்துவிடும். பயணத்தில் இதனை நினைவில் வைத்திருப்பது மிகவும் பயன்தரும்.

'மீண்டும் வந்துவிடுமோ' என்ற அச்சத்தால் பேருந்து, இரயில், நெரிசலான கடைவீதி, நீண்ட வரிசை, மூடிய அரங்கு ஆகியவற்றையோ, தனியே வெளியே செல்வதையோ ஒருவர் பல மாதங்களாகத் தவிர்த்து வந்தால் அது அகோராஃபோபியா எனப்படும் நிலையாக இருக்கலாம். தப்பிச் செல்லவோ உதவி பெறவோ இயலாத இடத்தில் அகப்பட்டுக்கொள்வோம் என்ற எண்ணமே இதன் அடிப்படை. அடுத்த நிறுத்தம் வெகுதொலைவில் இருக்கும் விரைவுப் பேருந்து, ஊர்ப் பேருந்தைவிட அதிக அச்சம் தருவது இதனாலேயே.

தவிர்க்கத் தவிர்க்க அச்சம் ஏன் வளர்கிறது?

பாதி வழியில் இறங்கியவுடன் படபடப்பு தணிகிறது. 'இறங்கியதால்தான் பிழைத்தேன்' என்று மனம் பதிவு செய்துகொள்கிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் சற்று நேரத்தில் தணிந்திருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு அதற்குக் கிட்டுவதில்லை. ஆகவே அடுத்த முறை அச்சம் இன்னும் முன்னதாகவே, சில வேளைகளில் முந்தைய இரவே தொடங்கிவிடுகிறது. சிகிச்சையின் நோக்கம் இந்தப் பதிவை மாற்றுவதே ஆகும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

பின்வருவனவற்றைப் பதற்றம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

• நெஞ்சில் அழுத்தும் வலி; அது இடது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவுதல்
• நடக்கும்போதோ படியேறும்போதோ வரும் நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல்
• நினைவிழந்து விழுதல்
• ஒரு பக்கக் கை, கால் வலுவிழத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்களும் நாற்பது வயதைக் கடந்தவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். முதன்முறையாகப் படபடப்பு வரும் எவரும் மருத்துவரிடம் காட்டி இ.சி.ஜி. எடுத்துக்கொள்வது நல்லது. தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, சர்க்கரை அளவு குறைதல், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் இதே போன்ற தொல்லையைத் தரும். காலை உணவு உண்ணாமல், உறக்கமின்றி, காபி மட்டும் குடித்துவிட்டு ஓடிச்சென்று பேருந்து பிடிப்பதும் படபடப்பை மிகுவிக்கும்.

வண்டியில் தாக்கம் வந்தால் செய்ய வேண்டியவை

• 'இது பீதித் தாக்கம்; உச்சம் அடைந்து தணியும்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். அதனை அடக்கப் போராட வேண்டாம்.
• மூக்கின் வழியே நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் தொடருங்கள். நாள்தோறும் வீட்டில் பழகியிருந்தால்தான் பேருந்தில் கைகொடுக்கும்.
• பாதங்கள் தரையில் பதிந்திருப்பதையும் கைப்பிடியின் குளிர்ச்சியையும் கவனியுங்கள். வெளியே தெரியும் கடைப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.
• இயன்றால் ஒரு நிறுத்தமாவது கூடுதலாகப் பயணம் செய்து, அச்சம் சற்றுத் தணிந்த பின் இறங்குங்கள்.
• காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறையைக் கைக்கொள்ள வேண்டாம். இதய, நுரையீரல் நோய் இருப்பின் அது தீங்கு விளைவிக்கும்.

படிப்படியான பயணப் பயிற்சி

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் முக்கியப் பகுதி இது. அச்சம் தரும் சூழலை எளிதானதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். இயன்றவரை மனநல ஆலோசகரின் துணையுடன் திட்டமிடுங்கள். கூரத்திலிருந்து செல்லும் ஒருவருக்கான மாதிரி இது:

1. ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்று, ஏறாமல் திரும்புதல்
2. கூட்டமில்லாத பிற்பகலில் துணையுடன் இரண்டு நிறுத்தம் செல்லுதல்
3. துணையுடன் காஞ்சிபுரம் பேருந்து நிலையம் வரை செல்லுதல்
4. அதே பயணத்தைத் தனியே செய்தல்
5. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வரை இரயிலில் செல்லுதல்
6. செங்கல்பட்டு வரை செல்லுதல்
7. விடுமுறை நாளில் தாம்பரம் வரை செல்லுதல்
8. வேலை நாளில், நெரிசலான காலை வேளையில் பணியிடம் வரை செல்லுதல்

ஒவ்வொரு பயணத்திலும் அச்சத்தின் அளவை 0 முதல் 10 வரை மதிப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அது பாதியாகக் குறையும் வரை அச்சூழலில் இருக்க முயலுங்கள். ஒரே படியை வாரத்தில் பல முறை செய்து, அச்சம் 3 என்ற அளவுக்கு இறங்கிய பின் அடுத்த படிக்குச் செல்லுங்கள். சில நாள் பின்வாங்க நேர்ந்தால் முந்தைய படிக்குச் சென்று மீண்டும் தொடங்கலாம். அதுவரை செய்த பயிற்சி வீணாகிவிடாது. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் உள்ளது. இப்பேருந்துகள் ஓடும் தடங்களில் பெண்கள் செலவின்றிப் பயிற்சி செய்யலாம்.

மருந்துகள்

அச்சம் மிகுதியாக இருந்தாலோ, அதனுடன் மனச்சோர்வு இருந்தாலோ மருத்துவர் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளைத் தரக்கூடும். இவை பலன் தர இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். தொடக்க நாள்களில் படபடப்பு சற்றுக் கூடினாலும் அஞ்ச வேண்டாம், மருத்துவரிடம் தெரிவியுங்கள். நலமடைந்த பின்னும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும், தாமாக நிறுத்தக்கூடாது.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற மாத்திரைகள் உடனே அமைதி தருபவை. ஆயினும் தொடர்ந்து உட்கொண்டால் பழக்க அடிமை நிலையை உண்டாக்கும். இயந்திரப் பணி செய்வோருக்கும் வாகனம் ஓட்டுவோருக்கும் தூக்கக் கலக்கத்தால் விபத்து நேரலாம். பிறர் தந்த மாத்திரையையோ சீட்டின்றி வாங்கியதையோ உட்கொள்ள வேண்டாம். பதற்றம் தணிய மது அருந்துவது மறுநாள் பதற்றத்தைப் பெருக்கும்.

அச்சத்திற்குப் பிறர் காரணமாக இருந்தால்

பயணத்தில் ஒருவரது தகாத செயலால் நீங்கள் அஞ்சினால், அந்த அச்சத்தை நோய் என்று கருத வேண்டாம், தவறு அவருடையது. பயிற்சி என்ற பெயரில் அதனைப் பொறுத்துக்கொள்ளவும் தேவையில்லை. நடத்துநரிடம் உடனே கூறுங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி எண் 112, இரயில் பயணத்தில் 139 ஆகியவற்றை அழைக்கலாம். இத்தகைய நிகழ்வின் நினைவு நெடுநாள் வாட்டினால் அதற்கும் சிகிச்சை உண்டு.

குடும்பத்தினர் கவனத்திற்கு

'ஊரே போய் வருகிறது, உனக்கு மட்டும் என்ன?' என்ற சொல்லைப் புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அச்சொல்லுக்குப் பின் நோயாளி பேசுவதை நிறுத்திவிடுகிறார். அச்சம் உண்மையானது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். அதே வேளையில், இரக்கத்தால் நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் கொண்டுபோய் விடுவதும் தவிர்ப்பை நிலைபெறச் செய்யும். முதலில் அருகில் அமர்ந்தும், பின்னர் அதே பேருந்தில் தள்ளி அமர்ந்தும், அதன்பின் நிறுத்தத்தில் காத்திருந்தும் துணையைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். கோயில் வழிபாடு மன ஆறுதல் தரலாம். அதனோடு மருத்துவத்தையும் தொடரச் செய்யுங்கள்.

உதவி பெறும் இடங்கள்

• அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் பரிசோதனை செய்துகொள்ளலாம்.
• மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவரின் சேவை கிடைக்கும். அவர் எந்நாளில் எங்கு வருகிறார் என்பதைச் சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள்.
• தொலைபேசி மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி, எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.
• ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தை அணுகலாம்.

உங்கள் நோய் விவரம் பணியிடத்திற்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அதனை இரகசியமாகக் காக்கும் கடமையைச் சிகிச்சை அளிப்போர் மீது சுமத்துகிறது. பயிற்சிக் காலத்தில் பணிநேரத்தைச் சற்று மாற்றித் தருமாறு வேண்ட மருத்துவரின் கடிதம் பெறலாம். அதில் எவ்வளவு குறிப்பிட வேண்டும் என்பதை மருத்துவருடன் பேசி நீங்களே முடிவு செய்யலாம்.

வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் தோன்றினால் சிறிதும் தாமதியாமல் 14416 அல்லது 104 என்ற எண்ணை அழையுங்கள். அருகில் உள்ளவரிடம் கூறுங்கள்.

வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்யும் முன், ஒரு முறை மருத்துவரைச் சந்தியுங்கள். முதல் படி சென்னை வரை செல்வதன்று. உங்கள் ஊர் நிறுத்தத்தில் கால் மணி நேரம் நிற்பதே.