தந்தச் சீப்பும் பேனும்

பிற மாநிலத்துப் பள்ளியில் புதிதாய்ச் சேர்ந்த நம் சிறுமி தலையைச் சொறிந்தால், நாம் முதலில் நாணுகிறோம். பிறகே சீப்பைத் தேடுகிறோம். இந்நாணம் தகுமா என்று வரலாற்றை வினவுவோம்.

பண்டைக் கானான் நாட்டு நகரம் லாகீஸ். இன்று அவ்விடம் இஸ்ரேலில் உள்ளது. 2016-இல் அங்கு அகழ்ந்தோர் சிறிய யானைத் தந்தச் சீப்பொன்றைக் கண்டெடுத்தனர். ஒருபுறம் சிக்கெடுக்க 6 பருத்த பற்கள். மறுபுறம் பேனெடுக்க 14 நுண்பற்கள். நம் பாட்டிமாரின் இருபுறப் பேன்சீப்பே போலும்! 2021 இறுதியிலேதான் அதில் கீறிய 17 எழுத்துகள் கண்ணிற்பட்டன. தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேனை இத்தந்தம் வேரறுக்கட்டும் என்பது பொருள். எழுத்தின் வடிவைக்கொண்டு கி.மு. 1700 அளவினது எனக் கணிக்கின்றனர். கானானிய மொழியில் இதுகாறும் கிடைத்தவற்றுள் மிகப் பழைய முழு வாக்கியம் அரசர் புகழன்று, பேனைப் பற்றிய வேண்டுதல்! பல்லொன்றில் பேன்குஞ்சின் எச்சமும் இருந்தது.

கானானில் யானை இல்லை. தந்தம் எகிப்திலிருந்து வந்திருக்கலாம் என்பர். அதனை வாங்கியவர் வறியவராய் இருந்திரார். பேன் அழுக்கைத் தேடுவதன்று. பறக்காது, தாவாது, தலையோடு தலை சேருங்கால் ஊர்ந்தேறும்.

ஈர் பொரிக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகுமாதலால், ஒருநாள் வாரி ஓய்தல் போதாது. ஈரக் கூந்தலைச் சில நாளுக்கொருமுறை இரண்டு வாரமேனும் வாருதல் வேண்டும். மருந்துக்கு அஞ்சாத பேன்கள் பல நாடுகளில் பெருகிய பின்னர், மருத்துவரும் அச்சீப்பையே நினைவூட்டுகின்றனர்.