குழாய்க்குள்ள என்ன ஓடுதுன்னு குழாய்க்குத் தெரியாது

சி புரோகிராம் எழுதின யாரைக் கேட்டாலும் ஸ்டாண்டர்ட் இன்புட், ஸ்டாண்டர்ட் அவுட்புட், ஸ்டாண்டர்ட் எரர்னு மூணையும் கடகடன்னு சொல்லிடுவாங்க. நம்பர்ல சொன்னா 0, 1, 2. ஜாவாவுக்குப் போனாலும் இதே மூணு, பைத்தானுக்குப் போனாலும் இதே மூணு. காலேஜ்ல இது ரெண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்தாச்சு. ஆனா ஏன் மூணு? ரெண்டு ஏன் போதலை? அதை யாரும் சொல்லித் தரலை.

உண்மையில் இந்த மூணும் ஒண்ணாப் பொறக்கலை. மூணாவது ரொம்ப லேட்டா வந்த கடைக்குட்டி :-)

முதல்ல 1960களுக்குப் போவோம். அப்போ ஒரு புரோகிராம் எழுதணும்னா, டேட்டா எங்கிருந்து வருது, எங்கே போகுதுன்னு அதுக்குத் தெரிஞ்சே ஆகணும். ஃபோர்ட்ரான்ல 5ஆம் நம்பர்னா கார்டு ரீடர், 6ன்னா பிரிண்டர் என்பது வழக்கம். ஐபிஎம்மின் ஓஎஸ்/360ல் ஒவ்வொரு ஃபைலுக்கும் எந்தச் சாதனம், எவ்வளவு பெரிய பிளாக் என்று தனியாகக் கார்டில் எழுதித் தர வேண்டும். ஒரு புரோகிராமின் விடையை இன்னொண்ணுக்குக் கொடுக்கணும்னா நடுவுல ஒரு டேப்போ டிஸ்க் ஃபைலோ வேணும்.

அமெரிக்காவில் பெல் லேப்ஸில் வேலை பார்த்த டக் மெக்கில்ராய்க்கு இது பிடிக்கலை. 1964 அக்டோபரில் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற ஹோஸை ஒண்ணோட ஒண்ணு முடுக்கி நீட்டுற மாதிரி, புரோகிராம்களையும் கோர்க்க ஒரு வழி வேணும் என்பதுதான் விஷயம். யூனிக்ஸ் ஆரம்பிச்சதே 1969ல்தான். அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே மனுஷன் யோசிச்சிருக்கார்!

யூனிக்ஸ் வந்ததும் பாதி வேலை முடிஞ்சது. அதுல எல்லாமே வெறும் பைட்டுகளின் வரிசை. கீபோர்டா, டிஸ்க்கா, டேப்பா என்று புரோகிராம் கவலைப்பட வேண்டாம். '>' போட்டால் திரைக்கு வர்றது ஃபைலுக்குப் போயிடும். இதுக்கு முந்தைய மல்டிக்ஸிலும் இந்த வசதி இருந்தது, ஆனா மூணு கட்டளை அடிக்கணும்.

மீதிப் பாதிக்கு மெக்கில்ராய் ரெண்டு மூணு வருஷம் விடாம நச்சரிச்சார். 1973ல் ஒரு நாள் கென் தாம்ப்சன் 'சரி, செய்யறேன்' என்று உட்கார்ந்தார். ஒரே ராத்திரியில் பைப் ரெடி. பைப்பை மட்டும் எழுதினா போதாது. ஃபைல் பெயர் கொடுத்தால்தான் படிப்பேன் என்று அடம் பிடிச்ச புரோகிராம்களையும் அதே ராத்திரியில் மாத்தினார். மறுநாள் காலையில் எல்லோரும் புரோகிராம்களைக் கோர்த்துக் கோர்த்து விளையாட ஆரம்பிச்சுட்டாங்களாம். நாம இன்னிக்கும் போடுற '|' கோடு கொஞ்சம் கழிச்சு வந்தது. அதுவும் தாம்ப்சன் வேலைதான்.

உள்ளே நடக்கிறது ரொம்ப எளிமை. அந்தக் கால யூனிக்ஸ் பைப்புக்கு 4096 பைட் இடம். நிரம்பிட்டா எழுதுறவர் தூங்குவார், காலியானா படிக்கிறவர் தூங்குவார். மொட்டை மாடி டேங்க்ல மிதவை வால்வு பண்ற அதே வேலை. ரெண்டு பக்கமும் யார் இருக்காங்கன்னு குழாய்க்குத் தெரியாது. உள்ளே ஓடுறது என்னன்னும் தெரியாது.

அங்கேதான் வம்பு. நல்ல தண்ணியும் சாக்கடையும் ஒரே குழாயில் போனா? விடையும் பிழைச் செய்தியும் ஒரே அவுட்புட்டில்தான் போய்க்கொண்டிருந்தன. இது தொல்லைன்னு தெரிஞ்சும், ரெண்டே குழாய் என்கிற எளிமையைக் கெடுக்க மனசு வராம 1975ல் வந்த ஆறாவது பதிப்பு வரை பொறுத்துக்கிட்டாங்க.

பொறுமை உடைஞ்ச கதையை அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன் சொல்லியிருக்கார். பெல் லேப்ஸில் ஒரு ஃபோட்டோ டைப்செட்டர் இருந்தது. புரோகிராம் அனுப்பும் எழுத்துகளைப் புகைப்படத் தாளில் அச்சுக்கோர்க்கும். அப்புறம் அந்தத் தாளைக் கழுவி எடுக்கணும். ஒரு நாள் மத்தியானம் பல பேருக்கு ஒரே அனுபவம்: கழுவிப் பார்த்தா, 'ஃபைலைத் திறக்க முடியலை' என்ற ஒத்தை வரி, அழகான எழுத்தில்! புலம்பல் சரியான காதுகளில் விழுந்தது. டென்னிஸ் ரிட்சி மூணாவது குழாயைச் சேர்த்தார். அதுதான் 2.

எனக்கு இது வெறும் பழங்கதை இல்லை. நாங்க வேலை பார்த்த ஒரு புராஜெக்டில், வெளியிலிருந்து வாங்கின ஒரு புரோகிராம் எச்சரிக்கைகளை எல்லாம் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டிலேயே கொட்டும். ராத்திரி ஓடுற வேலையில் அந்த வரிகளும் வாடிக்கையாளர் கணக்கோடு கலந்து அடுத்த சிஸ்டத்துக்குப் போயிடும். காலையில் உட்கார்ந்து எது கணக்கு, எது புலம்பல்னு பிரிக்கணும். அப்போதான் 2ஆம் நம்பர் எதுக்குன்னு உறைச்சது. ரெண்டு மார்க் இல்லீங்க அது, ஒரு ராத்திரித் தூக்கம்.

கடைசியா நமக்கு ரொம்ப நெருக்கமான ஒண்ணு. குழாய்க்குள் ஓடுறது வெறும் பைட்டுதான் என்பதால், ஆங்கிலம் மட்டும் தெரிஞ்சவங்க எழுதின புரோகிராம்கள் வழியா தமிழும் ஓடலாம். ஆனா ஒரு சிக்கல். உலக மொழிகளுக்கு ஒரு எழுத்துக்கு ரெண்டு பைட் என்று வச்சா, நடுநடுவே பூஜ்யம் வரும். பூஜ்யத்தைப் பார்த்ததும் சி புரோகிராம் 'வரி முடிஞ்சது' என்று நின்னுடும். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், மேஜை மேல இருந்த தாளில், இதுக்கு ஒரு தீர்வு போட்டார்கள். அதுதான் யூடிஎஃப்-8. கூட இருந்தவர் ராப் பைக். போட்டவர் யார் தெரியுமா? அதே கென் தாம்ப்சன்!

'தமிழ்' என்று எழுதினா த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அஞ்சு குறியீடு, ஒவ்வொண்ணும் மூணு பைட், ஆக 15. அதில் ஒண்ணுகூடப் பூஜ்யம் இல்லை, ஆங்கில எழுத்தோடு குழம்பவும் செய்யாது. தமிழ்னு ஒரு மொழி இருக்கிறதே தெரியாத பைப், அந்தப் பதினஞ்சையும் அப்படியே அந்தப் பக்கம் சேர்த்துடும்.