கப்பல் காத்திருக்குமா? குவாக்கர் சிட்டி முதல் இன்றைய க்ரூஸ் வரை

க்ரூஸ் புக் பண்ற எல்லாரும் டிக்கெட் எடுத்த கையோட ஒரு கேள்வியில மாட்டிக்கிறாங்க. கப்பல் காலையில எட்டு மணிக்கு ஒரு துறைமுகத்துல நிக்கும், சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிடும். நடுவுல ஊர் பார்க்கணும். கப்பல் கம்பெனியே விக்கிற பஸ் டூர்ல போறதா, இல்ல உள்ளூர்ல ஒரு கைடைப் பிடிச்சு ஏழெட்டுப் பேரா ஒரு வேன்ல போறதா? நாம பெரும்பாலும் விலையையும் கூட்டத்தையும்தான் ஒப்பிடுறோம். ஆனா இந்தக் கேள்விக்கு 150 வருஷத்துக்கு மேல வயசாச்சு. அது எங்க ஆரம்பிச்சதுன்னு பார்த்தா, ஒப்பிட வேண்டிய விஷயம் வேறன்னு புரியும்.

1867 ஜூன் 8. நியூயார்க்கிலிருந்து குவாக்கர் சிட்டி என்ற நீராவிக் கப்பல் கிளம்பியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடற்படைக்கு வேலை பார்த்த கப்பல் அது. இப்போது ஐரோப்பாவையும் பைபிளில் வரும் புனித நாட்டையும் சுற்றிப் பார்க்கும் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிறது. விளம்பரத்தில் இரண்டு பெரிய பெயர்கள்: போதகர் ஹென்றி வார்ட் பீச்சர், ஜெனரல் ஷெர்மன். கடைசியில் இரண்டு பேருமே வரவில்லை. (செலிப்ரிட்டி பேரைப் போட்டு டிக்கெட் விக்கிறது அப்பவே இருந்திருக்கு.) வந்தவர்களில் ஒரு இளம் பத்திரிகையாளர் இருந்தார். சான் பிரான்சிஸ்கோவின் ஆல்டா கலிஃபோர்னியா பத்திரிகை அவருக்காகக் கட்டணம் கட்டியது. அவர் பெயர் மார்க் ட்வெய்ன். அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய 'இன்னசென்ட்ஸ் அப்ராட்' 1869இல் வெளியானது. நமக்குத் தெரிந்த பெரும்பாலான விவரங்கள் அதிலிருந்துதான் வருகின்றன. ட்வெய்ன் கிண்டல்காரர், அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் கட்டணம் 1,250 டாலர். கரையில் இறங்கினால் ஆகும் செலவு தனி. அதற்கு ஒரு நாளைக்கு 5 டாலர், அதுவும் தங்கமாக, எடுத்து வையுங்கள் என்று விளம்பரத்திலேயே சொல்லியிருந்தார்கள். இங்க ஒரு சின்னக் கணக்கு போடலாம். பயணம் நவம்பர் 19இல் முடிந்தது, மொத்தம் 164 நாள். அப்படியென்றால் கப்பலில் ஒரு நாளுக்கு ஏழரை டாலர் ஆகிறது, காகிதப் பணத்தில். அந்த வருடம் தங்க டாலருக்குக் காகித டாலரைவிட மதிப்பு அதிகம். 5 தங்க டாலர் என்பது கிட்டத்தட்ட 7 காகித டாலர். கரையில் கழியும் ஒரு நாள், கப்பலில் கழியும் ஒரு நாள் அளவுக்கே செலவு வைத்தது. டிக்கெட் மலிவா இருக்கேன்னு ஏறிட்டு, அப்புறம் கரை டூர் விலையைப் பார்த்து முழிக்கிற கதை புதுசு இல்லை.

பெய்ரூத்தில் பயணிகள் பிரிந்தார்கள். கப்பலிலேயே தெற்கே யாஃபா வரை போய், அங்கிருந்து ஜெருசலேமுக்கு ஏறுவது எளிய வழி. டமாஸ்கஸ், கலிலேயா வழியாகத் தரைமார்க்கமாகவே ஜெருசலேமுக்குப் போய், யாஃபாவில் கப்பலைப் பிடிப்பது நீண்ட வழி. ட்வெய்னும் ஏழு பேரும் நீண்ட வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் பிரைவேட் ஸ்மால் குரூப் டூர்.

இதை நடத்தியவர் ஒரு டிராகோமன். மொழிபெயர்ப்பாளர், வழிகாட்டி, சமையல் முதல் பாதுகாப்பு வரை பொறுப்பேற்கும் ஒப்பந்தக்காரர், எல்லாம் ஒருவரே. தலைக்கு ஒரு நாளைக்கு 5 தங்க டாலர். எட்டுப் பேருக்காக 19 பணியாட்கள், 26 கோவேறு கழுதைகள் வந்ததாக ட்வெய்ன் எழுதுகிறார். கூடாரத்துக்குள் கம்பளம், இரும்புக் கட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பல வகைச் சாப்பாடு. பாலைவனத்தில் கஷ்டப்படப் போகிறோம் என்று வந்தவர் அசந்துபோனார்.

சரி, சின்ன குழு, நல்ல கைடு, நல்ல சாப்பாடு. வேற என்ன வேணும்? பிரச்சினை குழுவுக்குள்ளேயே இருந்தது. எட்டுப் பேரில் மூன்று பேர் பக்திமான்கள், ஞாயிற்றுக்கிழமை பயணம் செய்யவே கூடாது என்பவர்கள். ஞாயிறு வருவதற்குள் டமாஸ்கஸ் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அங்கிருந்த குதிரைகளுக்கு அது மூன்று நாள் வழி. இரண்டு நாளுக்கும் குறைவான நேரத்தில் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஓய்வுநாளை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, களைத்துப்போன மிருகங்களை விரட்டுகிறார்களே என்று ட்வெய்னுக்குக் கோபம். நாற்பது பேர் இருக்கும் பஸ்ஸில் ஒருவரின் பிடிவாதம் செல்லாது. எட்டுப் பேர் குழுவில் மூன்று பேர் பிடிவாதம் பிடித்தால் அதுதான் சட்டம். ஸ்மால் குரூப்பில் சுதந்திரம் கிடைக்கும் என்று நம்புகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: கூட வருகிற மற்ற ஏழு பேர் யார்?

கலிலேயாக் கடலில் இன்னொரு காட்சி. அந்த ஏரியில் படகு விட வேண்டும் என்பது இந்தப் பக்திமான்களின் நெடுநாள் கனவு. தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. டிராகோமனை விட்டு விலை கேட்டார்கள். இரண்டு நெப்போலியன், அதாவது 8 டாலர் என்றார் படகுக்காரர். ஒன்றுதான் தருவோம் என்றார்கள் இவர்கள். படகு திரும்பிப் போய்விட்டது. இரண்டே தருகிறோம் என்று கத்தியும் வரவில்லை. அத்தனை கடல் தாண்டி வந்தவர்கள், தலைக்கு ஒரு டாலர் கணக்கில் அந்தக் கனவை விட்டார்கள். நிர்ணயித்த விலை, முன்கூட்டியே கட்டிய பணம் என்பதற்கெல்லாம் ஏன் மவுசு வந்தது என்று இதைப் படித்தால் புரியும். அதே 1869இல்தான் தாமஸ் குக் தன் முதல் குழுவை எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் கூட்டிப்போனார். பேரத்தை அவர் கம்பெனி பார்த்துக்கொள்ளும், நீங்கள் மொத்தமாகப் பணம் கட்டினால் போதும்.

கைடுகள் பக்கத்தையும் சொல்லணும். பாரிஸில் ஒரு கைடு, லூவர் அருங்காட்சியகம் போகலாம் என்றால் பட்டுக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். நம்ம ஊர் ஆட்டோவில் எம்போரியம் வாசலில் இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கமிஷன் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி திரும்பும், தனி கைடானாலும் கப்பல் கம்பெனி பஸ்ஸானாலும். ஆனால் அந்தக் கைடின் பெயர் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று ட்வெய்ன் கும்பல் அவரை 'ஃபெர்குசன்' என்று கூப்பிட்டது. பிறகு வந்த கைடுகளுக்கெல்லாம் அதே பெயர். பெய்ரூத்தில் அமர்த்திய டிராகோமனின் பெயர் ஆபிரகாம், பைபிள் படித்த யாருக்கும் வாயில் நுழையும் பெயர். அவரும் ஃபெர்குசன்தான். வாரக்கணக்கில் ஒன்றாகச் சாப்பிட்டும், ஒரு பெயரைக்கூட மதிக்கவில்லை. எனக்கு அந்தப் புத்தகத்தில் சிரிப்பு வராத இடம் இது.

இப்போ முக்கியமான விஷயம். குவாக்கர் சிட்டி காத்திருந்தது. பயணிகள் மார்செய்யில் இறங்கி பாரிஸ் போய் வரலாம், பெய்ரூத்தில் இறங்கி யாஃபாவில் ஏறலாம் என்றே பயணத் திட்டம் இருந்தது. பயணிகள் ஒருமனதாக வாக்களித்தால் பாதையையே மாற்றலாம் என்றும் ஒரு விதி. கப்பலின் நேரம் பயணிகளுக்காக இருந்தது.

1891இல் கதை மாறுகிறது. ஹாம்பர்க்–அமெரிக்கா கம்பெனியின் ஆல்பர்ட் பாலினுக்கு ஒரு தலைவலி: குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் இல்லை, பெரிய கப்பல்கள் சும்மா நின்றால் நஷ்டம். ஆகவே ஜனவரி 22 அன்று அகஸ்டா விக்டோரியா என்ற கப்பலில் 241 பயணிகளை ஏற்றி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். அவரும் கூடவே போனார். இங்கே கப்பல் ஒரு இயந்திரம் மாதிரி, ஓடிக்கொண்டே இருந்தால்தான் காசு. 1905இல் அந்தக் கம்பெனி, கார்ல் ஸ்டாங்கன் என்ற பயண ஏஜென்சியையே வாங்கிவிட்டது. ஏற்றுவதும் இறக்கிச் சுற்றிக்காட்டுவதும் ஒரே கல்லாவுக்கு வந்தது.

இன்றைய வித்தியாசத்தின் வேர் இதுதான். கப்பல் கம்பெனி விற்கும் டூரைப் பெரும்பாலும் உள்ளூர் ஆபரேட்டர்தான் நடத்துகிறார். கம்பெனி மேலே லாபம் வைக்கிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது? பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எங்க ஆபீஸ் பாஷையில இது எஸ்.எல்.ஏ. பிரைவேட் டூரில் அது கிடையாது. அங்கே நீங்கள் வாங்குவது கைடின் கவனத்தை.

அதனால் துறைமுகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கணும். ட்வெய்ன் தன் பயணத்தில் கண்ட லிவோர்னோவிலும் சிவிட்டவெக்கியாவிலும் இன்றும் க்ரூஸ் கப்பல்கள் நிற்கின்றன. சிவிட்டவெக்கியாவிலிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர், ஆனால் ரயில் அடிக்கடி உண்டு. வேன் பழுதானாலும் வேறு வழி இருக்கிறது. அங்கே நான் தனி கைடைத்தான் எடுப்பேன், அவர் பெயரையும் ஒழுங்காகக் கேட்டு வைத்துக்கொள்வேன். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து கெய்ரோ 200 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் பிரமிட் பார்த்துத் திரும்ப வேண்டுமென்றால் கப்பல்காரன் பஸ்ஸில் ஏறி உட்காருங்கள், ஜன்னல் சீட் கிடைத்தால் நல்லது.