அறிவும் அளவும்

நிலத்தையும் பொன்னையும் அளக்கும் எண், உயிரின் உணர்வையும் அளக்குமோ என்னும் வினா மேனாட்டறிஞரிடை நெடுங்காலமாக நிகழ்வதொன்று. உள்ளத்து நிகழ்ச்சிகள் கணிதத்துக்கு உட்படா என்று ஜெர்மனி தேசத்துத் தத்துவ ஞானியாகிய கான்ட் 1786-இல் எழுதினார். அவர் இயலாதென்றதனை அத்தேசத்தாரே பின்னர் முயன்ற வரலாறு நம்மனோர் அறியத்தக்கதாம்.

லைப்சிக் நகரத்து வேபர் என்பார் பாரங்களைத் தூக்குவித்து ஆராய்ந்து, 1834-இல் ஓருண்மையை வெளியிட்டார். 40 பங்கு எடையோடு 1 பங்கு கூட்டிய வேறுபாடு கைக்குப் புலப்படுமாயின், 80 பங்கு எடைக்கு 2 பங்கு கூட்டினாலன்றி அது புலப்படாது. உணர்ச்சி பற்றுவது விகிதத்தையே என்பது இதனாற் பெறப்படும்.

அந்நகரிலேயே பௌதிக நூற் பேராசிரியராயிருந்தவர் பெக்னர். வண்ணக் கண்ணாடி வழியே ஞாயிற்றை நோக்கிச் செய்த ஆராய்ச்சியாற் கண் பழுதுற்றுப் பதவி துறந்து, 1843 வரையில் ஒளி பொறாது இருளறையில் வைகியவர். சடவாதத்தை உடன்படாதவர். உடலுக்கும் உள்ளத்துக்கும் உள்ள இயைபை எண்ணால் நிறுவும் வழி, 1850 அக்டோபர் 22-ஆம் நாட் காலையிற் படுக்கையிற் கிடந்தபோது அவருக்குத் தோன்றிற்று. புறத்துத் தூண்டுதல் 2, 4, 8 எனப் பெருகுந்தோறும் அகத்துணர்ச்சி 1, 2, 3 என்றே ஏறும் என்பது அவர் கண்ட விதி. ஒரு விளக்கெரியும் அறையில் மற்றொன்றேற்றின் ஒளி மிகுதல் தெரியும். நூறு விளக்கெரியும் மண்டபத்தில் ஒன்றேற்றின் தெரியாது. இவ்விதியை விரித்து 1860-இல் அவர் நூல் செய்தார்.

உணர்ச்சி பண்பேயன்றி அளவன்று என 1889-இற் பிரெஞ்சு ஞானி பெர்க்சன் மறுத்தார். 1957-இல் அமெரிக்கராகிய ஸ்டீவன்ஸ் வேறொரு விதி கூறினார். 2004-இல் இத்தாலியராகிய தொனோனி உணர்வு முழுமையையும் ஓரெண்ணாற் குறிக்கப் புகுந்தார். வழக்கு இன்னும் தீர்ந்திலது.

நம் சாத்திரத்தும் எண்ணுண்டு. சாக்கிரத்தில் 35, சொப்பனத்தில் 25, சுழுத்தியில் 3, துரியத்தில் 2, துரியாதீதத்தில் 1 எனச் சிவஞான சித்தியார் வகுத்தோதுகின்றது. ஈண்டு நுனித்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. எண் 35-இலிருந்து 1 ஆகக் குறையினும், ஐந்தவத்தையினும் உடனிற்பவன் புருடன் ஒருவனே. குறைந்தன கருவிகளே, உயிர் குறைந்திலது. அதீதத்திற் கருவியனைத்தும் நீங்கத் தான் இருந்தும் ஒன்றும் அறியாது கிடத்தலின், உயிர் கருவியுமன்று, கருவியின்றித் தானே அறிவதுமன்று என்பது போதரும்.

பெக்னர் தராசில் ஏறியதும் பாரமேயன்றி உணர்வன்று; உணர்ந்தேன் என்று சொல்லுவான் ஒருவன் வேண்டப்பட்டான். ஆகலின், மேனாட்டாராய்ச்சி சித்தாந்தத்தை நிறுவிற்றென்று களித்தலும், கெடுத்ததென்று அஞ்சுதலும் வேண்டா. அவர் அளந்தது கருவியின் எல்லையை, அப்பணி பயனுடையதே. கருவிகளைக் கூட்டியும் பிரித்தும் உயிர்க்கு அறிவித்து நிற்கும் திருவருளோ எவ்வெண்ணுள்ளும் அடங்காதென்க.