பெரிய எழுத்தில் படித்த நட்பு

பிள்ளைப் பருவத்தில் கையிலேந்திய நூல்களுள் சில, பின்னர் எத்தனை நூல்களைக் கற்றாலும் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் வளர்ந்த நமக்கு அத்தகைய நூல் 'தேசிங்குராஜன் கதை'. எழுத்துக்கூட்டிப் படிப்போருக்கும் எளிதாகும் வண்ணம் மலிவான தாளில், பெரிய எழுத்தில் அச்சாகி விற்கப்பட்ட கதைப்பாடல் அது. பெரியோர் சீறாப்புராணமும் நூறு மசாலாவும் இசையோடு ஓதக் கேட்ட அதே திண்ணையில்தான் இதனையும் நாம் உரக்கப் படித்தோம். திண்டிவனத்துக்கு மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் செஞ்சிக் கோட்டை நிற்பதால், கதை நிகழ்ந்த மண்ணும் நமக்கு அயலன்று.

கதையில் நம்மைக் கவர்ந்தவன் அரசனைக் காட்டிலும் அவனுடைய தோழனே. மக்கள் நாவில் மோவுத்துக்காரன் என வழங்கும் மஹபத்கான், வழுதாவூரில் தன் திருமணக் கோலத்தில் இருக்கிறான். ஆற்காட்டு நவாபின் படை வருவதாகத் தேசிங்கின் ஓலை வருகிறது. மணமகன் மாலையைக் களைந்து, நீலவேணிக் குதிரையேறிச் செஞ்சிக்கு விரைகிறான். நண்பனுக்காகப் போரிட்டுக் களத்திலேயே மாள்கிறான். அவ்விடத்தை அடைந்ததும் படிப்பவர் குரல் தழுதழுக்கும்.

வளர்ந்தபின் வரலாற்று நூல்களின் துணையோடு இக்கதையை மீண்டும் அணுகினோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாறு அவற்றுள் முதன்மையானது. முகலாயத் தளபதி ஸுல்பிகார்கான் மராட்டியரிடமிருந்து 1698இல் செஞ்சியைக் கைப்பற்றினார். பின்னர் அது புந்தேலா இராஜபுத்திரரான சுவரூப்சிங்கின் பொறுப்பில் விடப்பட்டது. அவர் மறைந்தபின் மகன் தேஜ்சிங் உரிமை கோரினார். நவாப் சஆதத்துல்லாகானோ நிலுவைக் கப்பத்தைக் கேட்டதோடு, தந்தைக்கு அளித்த உரிமை மகனுக்குத் தானே சேராது என்றார். இப்பிணக்கே 1714ஆம் ஆண்டுப் போராக முற்றிற்று. தேஜ்சிங்கே மக்கள் நாவில் தேசிங்கு ஆனார்.

எனவே இப்போரின் வேர் சமயமன்று, வரியும் ஆட்சியுரிமையுமே. நவாபின் பக்கம் நின்றவர்களுள் லாலா தோடர்மால் ஒருவர். உடையார்பாளையத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த காஞ்சி வரதராசர் திருமேனி 1710 அளவில் மீண்டும் காஞ்சி சேரத் துணைநின்றவர் அவரே. செஞ்சியின் பக்கம் உயிர்நீத்தவனோ முஸ்லிமான மஹபத்கான். இதனை 'இந்து அரசனுக்கும் முஸ்லிம் நவாபுக்கும் நடந்த போர்' எனச் சுருக்குவோர் இவ்விருவரையும் எங்கே நிறுத்துவர்?

திண்ணையில் படித்த சிறுவர்க்கு அக்குழப்பம் எழவேயில்லை என்பது எண்ணத்தக்கது. நவாபும் நம்மவர், மஹபத்கானும் நம்மவர். ஆயினும் நம் கண்ணீர் யாருக்கு உரியதென்பதில் நமக்கு ஐயமிருந்ததில்லை. வாக்குறுதி பேணுதலை மார்க்கம் வலியுறுத்துவதை மதரஸாவில் கேட்டோம். அதற்கு ஒரு முகமும் பெயரும் இருப்பதை அக்கதையில் கண்டோம். தில்லியில் எவராலும் அடக்கவியலாத குதிரையைத் தேசிங்கு அடக்கியது போன்ற நிகழ்ச்சிகளை ஆய்வாளர் புனைவென விலக்கலாம். அதனால் நாம் இழப்பது சிறிதே. நட்பு பற்றி அந்நூல் கற்பித்தது அப்படியே நிற்கிறது.

வெற்றிக்குப்பின் சஆதத்துல்லாகான் எழுப்பிய பள்ளிவாசல் செஞ்சிக் கோட்டைக்குள் உள்ளது. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியதைப் போற்றியே நவாப் இராணிப்பேட்டைக்குப் பெயரிட்டார் என்பது செவிவழிச் செய்தி. செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் மஹபத்கானின் அடக்கத்தலமும் நீலவேணியின் நினைவிடமும் இருப்பதாக அவ்வட்டார மக்கள் வழிவழியாகக் கூறுவர்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பன்னிரு மராட்டியக் கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. இனி அங்கே வருவோர் பெருகுவர். மதில்களின் உயரமும் முற்றுகைகளின் ஆண்டும் அவர்க்கு எடுத்துரைக்கப்படும். மணமாலையைக் களைந்து வந்த தோழனைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் நாமே. அவ்வூர்களில் வாழும் பெற்றோர் தம் மக்களை ஒருநாள் செஞ்சிக்கு அழைத்துச் செல்லட்டும். செல்லுமுன் அக்கதையைத் திண்ணையிலமர்ந்து ஒருமுறை உரக்கப் படிக்கச் செய்யட்டும்.