‘பிறன்’ என்ற சொல்லும் ஊவாவின் நிலமும்

நல்ல சமாரியன் உவமைக்கு அடியெடுத்துக் கொடுத்த சட்ட அறிஞரின் கேள்வியில், அன்புக்கு உரியவராகக் குறிக்கப்படுபவரைத் தமிழில் வழங்கும் பழைய புரொட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பு ‘பிறன்’ என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘அடுத்திருப்பவர்’ என்றும் அழைக்கின்றன. முன்னது தன்னைச் சேராத வேற்று மனிதரையும், பின்னது பக்கத்தில் வாழ்பவரையும் சுட்டும். இலங்கையின் ஊவா மாகாணத்தில் இவ்விரு சொற்களும் ஒரே ஆளுக்குப் பொருந்துகின்றன. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வாழும் தமிழ்த் தொழிலாளியும் தோட்டத்து எல்லைக்கு அப்பால் வாழும் சிங்கள விவசாயியும் பல தலைமுறைகளாக ஒருவருக்கொருவர் அடுத்திருந்தும் பிறராகவே இருந்து வந்திருக்கின்றனர்.

இந்த விலகல் தானாக விளைந்ததன்று. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது ஊவாவும், இன்றைய மொனராகலைப் பகுதியை உள்ளடக்கிய வெல்லஸ்ஸவும் சூறையாடப்பட்டன. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசுடைமையாகக் கருதியது. எழுத்தில் உறுதி இல்லாமலேயே வழிவழியாகச் சேனை, அதாவது காடு வெட்டிச் சுட்டு விதைக்கும் பயிர், செய்துவந்த மலைநாட்டுக் கிராமத்தவர் அதனால் பெரிதும் பாதிக்கப்பட்டனர். அந்நிலங்களில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் நடப்பட, அவற்றைப் பராமரிக்கத் தென் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். நிலம் பறிபோனவருடைய கோபம் தோட்டத் துரையை எட்டாமல், நிலமே இல்லாமல் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் லயக் காம்பிராவில் குடும்பத்தோடு ஒடுங்கிக் கிடந்தவர்மீது திரும்பியதே ஊவாவின் பெருந்துயரம்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில், இத்தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மறு ஆண்டிலேயே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, அந்த மக்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. தோட்டங்களில் நற்செய்தியும் பள்ளிக்கூடமும் வளரத் துணைநின்ற திருச்சபைப் பணிகளுள், 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் குறிப்பிடத்தக்கது. எனினும் தான் தேடிச் சென்ற மக்களை அவர்கள் வாங்கிய கூலியைக் கொண்டே அழைத்த அதன் பெயர், அன்றைய இரக்கத்தின் எல்லையைக் காட்டிவிடுகிறது. சட்டத்தால் பட்ட காயத்துக்குச் சட்டத்தைத் தொடாத இரக்கம் மருந்தாகாது. அயலாரை நேசிப்பது அரசியலாவது இவ்விடத்திலேதான். அரசியல் என்பது இங்கே கட்சியையன்று, யார் குடிமகன், எந்த நிலம் யாருக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் குறிக்கிறது.

இதை உணர்ந்தவர் ஆயர் லியோ நாணயக்கார. 1959 முதல் கண்டியின் ஆயராக இருந்த அவர், 1972இல் அம்மறைமாவட்டத்திலிருந்து பதுளை பிரிக்கப்பட்டபோது, வசதியும் பெருமையும் மிக்க கண்டியை விட்டு வறிய பதுளையைத் தாமாகவே ஏற்றார். பண்டாரவளையில் அவர் நிறுவிய ‘சேவக செவன’, மக்களோடு வாழ்ந்தே பணிக்குப் பயிலும் குருத்துவப் பயிற்சி இல்லமாகும். அதே 1972இல் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தை அமைத்துச் சிங்களவரையும் தமிழரையும் ஒரே கூரையின்கீழ் வாழவும் உழைக்கவும் செய்தார்.

சேவக செவனவில் பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் ரொட்ரிகோ, இன்னும் கீழே இறங்கினார். ரோமிலும் பாரிசிலும் உயர்கல்வி பெற்ற அந்தப் பௌத்தவியல் அறிஞர், 1980இல் மொனராகலை மாவட்டத்துப் புத்தலயில், ஏறக்குறைய முழுவதும் பௌத்தர்களே வாழும் கிராமப்புறத்தில் மண்வீடொன்றில் குடியேறி, அதற்கு ‘சுப செத் கெதர’ என்று பெயரிட்டார். மதம் மாற்றுவது அவர் நோக்கமன்று. போதிக்க வந்தவராக நில்லாமல் கிராமத்தவரிடம் கற்றுக்கொள்பவராக இருந்தார். அதனாலேயே பிக்குமாரும் அவரோடு சேர்ந்தனர். கரும்புச் செய்கைக்காகச் சேனை நிலங்கள் கைமாறி, விவசாயிகள் தம் மண்ணிலேயே கூலிகளாகும் நிலை வந்தபோது, அவர் அவர்கள் பக்கம் நின்று எழுதினார், பேசினார். வெல்லஸ்ஸவுக்கு இது புதிதன்று. 1840இல் தொடங்கிய கதை வேறு பயிரோடு மறுபடி வந்ததே அது. தோட்டத் தமிழரும் சேனைச் சிங்களவரும் ஒரே அநீதியின் இரு முனைகளில் நிற்பவர்கள் என்பதை ஏட்டில் காட்டலாம். மண்தரையில் அமர்ந்து வாழ்ந்து காட்டுவது அரிது.

1980களின் பிற்பகுதியில், தென்னிலங்கையில் அரசுக்கும் ஆயுதக் கிளர்ச்சியாளருக்கும் இடையே கிராமங்கள் நசுங்கிய நாட்களில், வெளியேறுமாறு எச்சரிக்கைகள் வந்தும் அவர் போகவில்லை. 1987 நவம்பர் 10ஆம் நாள் மாலை, அந்த வீட்டிலேயே திருப்பலி நிறைவேறிக்கொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழருள் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை அளித்தது. வாக்குச் சீட்டு வந்தது; லயம் நின்ற காணி வரவில்லை. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு அபாயம் உண்டு என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும், எழுந்து போய்க் குடியேறத் தமக்கென்று ஒரு துண்டு நிலமில்லாத குடும்பங்கள் அங்கேயே இருந்தன. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடியது.